நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம்

மத்திய பட்ஜெட் தாக்கலானதும் வருமான வரியில் என்ன மாற்றம், எந்தப் பொருளின் விலை ஏறும் என்பதோடு நம் பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆனால், அமைச்சகங்கள் கேட்கும் தொகைகள் மானியக் கோரிக்கைகளாக மக்களவையின் ஒப்புதலுக்கு வைக்கப்படுகின்றன என்பதும், அந்தத் தொகையைக் குறைக்க வேண்டும் என்று உறுப்பினர் எவரும் தீர்மானம் கொடுக்கலாம் என்பதும் நாம் அறிந்திருக்க வேண்டியவை. அந்தத் தீர்மானத்துக்குப் பெயர் வெட்டுத் தீர்மானம்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 113-ஆவது பிரிவின்படி, மக்களவை ஒரு மானியக் கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், அல்லது தொகையைக் குறைத்து ஏற்கலாம். தொகையைக் கூட்டித்தர முடியாது. குடியரசுத் தலைவரின் பரிந்துரை இல்லாமல் கோரிக்கையே வர முடியாது என்பதால் இந்த வரம்பு. மாநிலங்களவைக்கு இதில் வாக்கு இல்லை. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், அரசின் கடனுக்கான வட்டி போன்ற செலவுகள் வாக்கெடுப்புக்கே வராதவை. அவற்றை வெட்டக் கேட்கவும் முடியாது.

மக்களவை நடைமுறை விதி 209 மூன்று வகை வெட்டுகளைச் சொல்கிறது. அரசின் கொள்கையையே ஏற்கவில்லை என்றால் மொத்தக் கோரிக்கையையும் 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வது கொள்கை மறுப்பு வெட்டு. செலவு மிகுதி என்று கருதினால் குறிப்பிட்ட தொகையைக் கழிக்கச் சொல்வது சிக்கன வெட்டு. மூன்றாவது அடையாள வெட்டு. இதில் குறைக்கக் கேட்பது 100 ரூபாய் மட்டுமே. பல்லாயிரம் கோடியில் 100 ரூபாய் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். தீர்மானத்தின் வாசகத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். "ரயில்வே அமைச்சகம் என்ற தலைப்பிலான கோரிக்கையில் 100 ரூபாய் குறைக்கப்பட வேண்டும்" என்ற வரியை அடுத்து, அடைப்புக்குறிக்குள், இன்ன நிலையத்துக்கு நடைமேம்பாலம் தேவை என்று ஒரு வரி இருக்கும். உறுப்பினர் உண்மையில் கேட்பது அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதைத்தான். ஒரு சிற்றூரின் குறையை அந்தத் துறையின் பணத்தோடு கட்டி அவையின் முன் வைக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

நிபந்தனைகளும் உண்டு. ஒரு தீர்மானம் ஒரே கோரிக்கையை, அதிலும் ஒரே பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும். வாதங்களை அதற்குள் எழுதக் கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விவகாரத்தையோ, மத்திய அரசின் பொறுப்பில் வராத ஒன்றையோ எழுப்பக் கூடாது. கோரிக்கை விவாதத்துக்கு வரும் நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும்.

வெட்டுத் தீர்மானம் நிறைவேறிவிட்டால், அவையின் நம்பிக்கையை அரசு இழந்ததாகவே கொள்வது மரபு. ஆகவே ஆளுங்கட்சி தன் உறுப்பினர்களைக் கொறடா உத்தரவிட்டு அவைக்கு வரவழைக்கிறது. 2010 ஏப்ரல் 27 அன்று எதிர்க்கட்சிகள் கொண்டுவந்த வெட்டுத் தீர்மானத்துக்கு ஆதரவாக 201 வாக்குகளும் எதிராக 289 வாக்குகளும் விழுந்தன. மன்மோகன் சிங் அரசு தப்பியது.

எனக்கு வருத்தம் தருவது வெட்டுத் தீர்மானங்களின் தோல்வியல்ல, விவாதமே நடக்காமல் போவது. ஒதுக்கிய நாட்களில் கடைசி நாள் மாலை, விவாதிக்கப்படாமல் எஞ்சிய கோரிக்கைகள் மொத்தமாக வாக்குக்கு விடப்படும். இதை 'கில்லட்டின்' என்பார்கள். 2018-லும் 2023-லும் அமளிக்கு நடுவே எல்லாக் கோரிக்கைகளும் இப்படி விவாதமின்றியே நிறைவேறின. அமளிக்கு யார் காரணமாக இருந்தாலும், ஊர்க்குறைகள் பேசப்பட வேண்டிய மணிநேரங்கள் அத்தோடு போயின.

தன் தொகுதியின் பிரச்சினை இவ்வழியில் எழ வேண்டும் என்று விரும்புபவர், பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையிலேயே, அதாவது நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கொண்ட நிலைக்குழுக்கள் கோரிக்கைகளை ஆராயும் நாட்களிலேயே, தன் மக்களவை உறுப்பினருக்கு எழுதுவது நல்லது. அமைச்சகத்தின் பெயரையும் கோரிக்கை எண்ணையும் குறித்து, ஒரே ஒரு தேவையை இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தால், அதை அப்படியே அடைப்புக்குறிக்குள் எடுத்து வைத்துவிடலாம்.