ஸ்டெப் சைஸைக் குறைத்தும் அடங்காத படகு

வாடைக்காற்று மாதங்களில் வடகடலில் நங்கூரமிட்டு நிற்கும் ஃபைபர் படகு எவ்வளவு ஆடும், கயிறு தாங்குமா என்று கணினியில் போட்டுப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. படகுக்கு ஒரு சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்), தண்ணீருக்கு ஒன்று, கயிற்றுக்கு ஒன்று. மூன்றும் தனித்தனியே ஓடி, குறித்த நேர இடைவெளியில் எண்களை மாற்றிக்கொள்ளும். அந்த இடைவெளிதான் ஸ்டெப், அதன் நீளம் ஸ்டெப் சைஸ். இப்படிச் சேர்த்து ஓட்டுவதைத்தான் கோ-சிமுலேஷன் என்கிறோம். 2010-இல் மாடல்களை இணைப்பதற்கான எஃப்.எம்.ஐ. (Functional Mock-up Interface) தரநிலை வந்தபின் வேறு வேறு மென்பொருளில் செய்த மாடல்களைக்கூட இப்படி இணைப்பது சுலபமாகிவிட்டது. சுலபமானதால்தான் இந்த வம்பு.

தனியாக ஒழுங்காக ஓடிய மாடல்கள் இணைத்ததும் வெடித்துச் சிதறினால், அதாவது எண்கள் கட்டுக்கடங்காமல் பெருகினால், பக்கத்து மேசையிலிருந்து வரும் முதல் யோசனை: "ஸ்டெப் சைஸைக் குறைங்க தம்பி." கயிற்றைப் பொறுத்தவரை அது சரியான யோசனை. கயிற்றின் இழுவிசை ஒரு ஸ்டெப் தாமதமாகப் படகுக்குப் போய்ச் சேர்வதால், ஒவ்வொரு ஆட்டத்திலும் இல்லாத ஆற்றல் கொஞ்சம் உள்ளே நுழைகிறது. ஸ்டெப் சிறுத்தால் தாமதமும் சிறுக்கும்.

தண்ணீரிடம் இது செல்லாது. படகு 800 கிலோ என்போம். மேலும் கீழும் ஆடும்போது சுற்றியுள்ள தண்ணீரையும் சேர்த்துத்தான் அது அசைக்க வேண்டும். அந்தக் கூடுதல் நிறை 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அலை 900 நியூட்டனில் தூக்கினால் உண்மையான முடுக்கம் 900/1800, அதாவது 0.5 மீ/வி². ஆனால் பிரித்து ஓட்டும்போது தண்ணீர் சால்வருக்குத் தெரிவது போன ஸ்டெப்பின் முடுக்கம்தான். முதலில் அது 0, ஆகவே படகு 900/800 = 1.125 என்கிறது. உடனே தண்ணீர் 1125 நியூட்டனில் எதிர்க்கிறது, முடுக்கம் −0.28 ஆகிறது. அடுத்து 1.48, அதற்கடுத்து −0.72. பிழை ஒவ்வொரு முறையும் 1.25 மடங்காகிறது. இந்தக் கணக்கில் ஸ்டெப் சைஸ் எங்குமே இல்லை, கவனித்தீர்களா? அதைக் குறைத்தால் ஒரு நொடிக்குள் இன்னும் அதிக முறை பெருகி, சீக்கிரமே வெடிக்கும்.

2005-இல் கௌசின், ஜெர்போ, நோபிலே மூவரும் இதைக் கணிதமாக நிறுவினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ரத்தக் குழாய்; இலேசான சுவர், கனமான திரவம். ஃபைபர் படகுக்கும் அதே கதிதான்.

ஒரே ஸ்டெப்பைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, பழைய விடையையும் புதியதையும் பாதிக்குப் பாதி கலப்பது ஒரு வழி. மேலே சொன்ன எண்களுக்கு 0.5625, 0.492, 0.501 என்று மூன்றே சுற்றில் அடங்கிவிடும். ஆனால் இதற்கு மாடல் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டெப்பின் தொடக்கத்துக்குப் பின்னோக்கிப் போக வேண்டும். 2014-இல் வந்த எஃப்.எம்.ஐ. 2.0-இல் அந்த வசதி உண்டு, கட்டாயம் இல்லை. விற்பவரிடம் வாங்குமுன் கேளுங்கள்.

எனக்குப் பிடித்தது வேறு வழி. தண்ணீரின் நிறையை உத்தேசமாக, 900 கிலோ என்றே வைத்து, படகின் பக்கம் சேர்த்துவிடுவேன். அதே 900-ஐப் பழைய முடுக்கத்தால் பெருக்கி விசையோடும் கூட்டிக்கொள்வேன். உத்தேசம் 100 கிலோ தவறினாலும் பிழை ஸ்டெப்புக்கு 100/1700 பங்காகச் சுருங்கும். கரையோர ஆழமற்ற நீரில் படகின் அடிப்பகுதி தரையை நெருங்க நெருங்க இந்தக் கூடுதல் நிறை ஏறும் என்பதால், ஆழ்கடலில் ஓடிய உத்தேசத்தை அப்படியே வடகடல் கரைக்குக் கொண்டுவராதீர்கள்.

வெடிக்காத ரன்னையும் நான் உடனே நம்புவதில்லை. இணைப்பின் இரு பக்கத்திலும் விசையை வேகத்தால் பெருக்கி, வித்தியாசத்தை ஒவ்வொரு ஸ்டெப்பிலும் கோடாக வரைகிறேன்; இணைப்பில் பொய்யாக நுழையும் ஆற்றலை அது காட்டிக்கொடுக்கும். அந்தக் கோடு ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனால், கயிற்றின் இழுவிசை என்று வந்த எண்ணை யாருக்கும் அனுப்புவதில்லை.