நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்: விபத்தில் கை இழுபட்ட ரைடருக்கு நண்பர்கள் செய்யக்கூடியது

இயன்முறை மருத்துவராக நான் நோயாளிகளைச் சந்திப்பது பெரும்பாலும் கூட்டம் கலைந்த பிறகுதான். விபத்து நடந்த இரவில் மருத்துவமனை வாசலில் ரைடிங் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் இருபது பேர் நிற்கிறார்கள். இரத்தம் கொடுக்க ஆள் வருகிறது. உதவி கேட்கும் செய்தி விடிவதற்குள் நூற்றுக்கணக்கான கைபேசிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆறாவது வாரத்தில் தொங்கிப்போன கையோடு அதே மனிதர் என் சிகிச்சை அறைக்கு வரும்போது, உடன் வருபவர் மனைவியாகவோ வயதான தந்தையாகவோதான் இருக்கிறார். அந்த இருபது பேரின் அன்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த அன்பு எந்தக் கட்டத்தில், எந்த வேகத்தில் தேவைப்படுகிறது என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒரு பைக் குழு அதைச் சரியாகச் செய்ததை அருகிலிருந்து பார்த்தேன் என்பதால் இதை எழுதுகிறேன். நோயாளியின் சம்மதத்தோடு, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

காட்டை ஒட்டிய சாலையில், பொழுது சாயும் நேரத்தில், ஆறு பேர் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். முதல் மான் சாலையைக் கடந்து போனது. முன்னால் சென்ற இருவர் வேகத்தைக் குறைத்துத் தப்பினார்கள். மூன்றாவதாக வந்தவர், மான் போய்விட்டது என்று நினைத்து மீண்டும் வேகம் எடுத்தபோது, அதன் பின்னாலேயே வந்த இரண்டாவது மான் அவருடைய முன்சக்கரத்தில் மோதியது. மான் போன்ற விலங்குகள் தனியாக நடமாடுவது குறைவு என்பதையும், வெயில் தாழ்ந்த பிறகும் விடிவதற்குச் சற்று முன்பும்தான் அவை மிகுதியாக நடமாடும் என்பதையும் ரைடர்கள் அறிந்தே இருக்கிறார்கள். அறிந்திருந்தும், முதல் விலங்கு கடந்துவிட்டதும் மனம் தளர்ந்துவிடுகிறது. ஒரு விலங்கைப் பார்த்தால் அடுத்தது வருகிறது என்றே வைத்துக்கொண்டு, அந்தப் பகுதி முழுவதையும் குறைந்த வேகத்திலேயே கடக்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80க்குப் போகும்போது வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அது ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில், கண் பார்த்ததற்கும் கை பிரேக்கைப் பிடிப்பதற்கும் இடையில் ஒன்றரை நொடி போனால், பைக் 33 மீட்டர் ஓடியிருக்கும்.

காருக்குள் இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. பைக்கில் வருபவருக்கோ, வண்டி நின்றாலும் உடல் நிற்பதில்லை. இவர் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டு, இடது தோள் தரையில் பட விழுந்தார். தலை ஒரு பக்கம் சாய, தோள் எதிர்த் திசையில் கீழே அழுத்தப்பட, கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலிருந்த அனைத்தும் ஒரே கணத்தில் இழுபட்டன. ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. ஹெல்மெட் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று 2008இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. என் அறைக்கு வரும் ஹெல்மெட் அணிந்தவர்கள் என்னுடன் பேசக்கூடிய நிலையில் வருகிறார்கள் என்பதே எனக்குப் போதுமான சான்று. ஆனால் கழுத்துக்குக் கீழே இருப்பதை ஹெல்மெட்டால் காக்க முடியாது.

அடுத்த பத்து நிமிடங்களில் அந்த ஐந்து பேரும் நடந்துகொண்ட விதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் முறையாக முதலுதவிப் பயிற்சி பெற்றிருந்தார். மற்ற நால்வரும் அவர் சொன்னதைக் கேட்டார்கள். ஒருவர் வளைவுக்கு முன்னாலேயே போய் நின்று, வரும் வாகனங்களை மறித்து எச்சரித்தார். ஒருவர் ஆம்புலன்சை அழைத்து, இருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லிவிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருந்தார். பயிற்சி பெற்றவர் விழுந்தவரின் தலைமாட்டில் மண்டியிட்டு, ஹெல்மெட்டோடு சேர்த்துத் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, வைசரை மட்டும் மேலே தூக்கிவிட்டுப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் கொடுக்கலாம் என்று ஒருவர் பதறியபோது, இரண்டையும் தடுத்தார். விழுந்தவருக்கு நினைவும் சீரான மூச்சும் இருக்கும்போது ஹெல்மெட்டைக் கழற்ற அவசியமில்லை. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் கழற்றும் முயற்சியே தண்டுவடத்தைக் கெடுத்துவிடலாம். மூச்சு நின்றுவிட்டாலோ, வாந்தியால் மூச்சுப்பாதை அடைபட்டாலோ கழற்றத்தான் வேண்டும். அப்போதும் ஒருவர் கழுத்தைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் மெதுவாகக் கழற்ற வேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. தொடையிலிருந்து வழிந்த இரத்தத்தை ஒருவர் மடித்த துணியால் அழுத்தி, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அப்படியே பிடித்திருந்தார். மற்றவர் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவர்மீது போர்த்தினார். உடல் குளிர்ந்துபோனால் இரத்தம் உறைவது தடைபடும் என்பதால் இதுவும் சிகிச்சைதான். அடிபட்ட மானின் அருகில் யாரும் போகவில்லை. வலியில் இருக்கும் விலங்கு உதைக்கும், கடிக்கும். அதன் உமிழ்நீர் திறந்த காயத்தில் பட்டிருந்தால், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மருத்துவமனையில் தொடைக் காயத்துக்கும் முறிந்த காறை எலும்புக்கும் உடனடியாகச் சிகிச்சை கிடைத்தது. இடது கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் கட்டி வைத்திருந்தார்கள். எலும்பு முறிந்த கையை யாரும் அசைக்கச் சொல்லமாட்டார்கள் அல்லவா? அதனால்தான் நான் இங்கே பேசும் காயம் பல நேரங்களில் வாரக்கணக்கில் கண்ணுக்குப் படாமல் போகிறது. இரவுத் துணைக்கு இருந்த நண்பர் ஒருவர், நோயாளியின் விரல்கள் நன்றாக அசைவதையும், முழங்கையை மடக்கச் சொன்னால் மட்டும் எதுவும் நடக்காததையும், தோளின் வெளிப்புறத்தைத் தொட்டால் அவருக்குத் தெரியாததையும் கவனித்துக் காலையில் மருத்துவரிடம் சொன்னார். கழுத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் புறப்பட்டு, ஒன்றோடொன்று பின்னிப் பிரிந்து கைக்குள் இறங்குகின்றன. பிரேக்கியல் பிளெக்சஸ் எனப்படும் இந்தப் பின்னலின் மேல் இரண்டு வேர்கள் அவருக்குச் சேதமாகியிருந்தன. பெரியவர்களுக்கு இந்தப் பின்னல் இழுபட்டுச் சேதமாவதற்கு மோட்டார் சைக்கிள் விபத்துகளே முதன்மையான காரணங்களில் ஒன்று. ஆகவே பைக்கிலிருந்து விழுந்த ஒருவரின் கை துவண்டு கிடந்தால், முறிவின் வலியால்தான் அசையவில்லை என்று விட்டுவிடாதீர்கள்; நரம்பைப் பரிசோதித்தீர்களா என்று மரியாதையாகவும் விடாமலும் கேளுங்கள்.

விடாமல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே காலம் இரண்டு பக்கமும் ஓடுகிறது. மீண்டும் வளரும் நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். கழுத்தருகே தொடங்கி முழங்கையை மடக்கும் தசைவரை போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். மறுபக்கம், நரம்புத் தொடர்பை இழந்த தசை ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருக்காது. அதற்குள் நரம்பு வந்து சேராவிட்டால், வரும்போது அதை வாங்கிக்கொள்ளத் தசையில் இடமிருக்காது. எனவே தானாகத் தேறும் அறிகுறி தென்படாதவர்களுக்கு, முதல் ஆறு மாதங்களுக்குள் நரம்பு அறுவை சிகிச்சை செய்வதே நல்லது. விரல்களுக்குப் போகும் ஆரோக்கியமான நரம்பிலிருந்து ஓர் இழைக்கற்றையைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு இணைக்கும் முறையை 1994இல் ஓபெர்லின் என்ற அறுவை மருத்துவர் விவரித்தார். நான்காவது மாதத்தில் இவருக்குச் செய்யப்பட்டதும் அதுதான்.

அந்தக் காத்திருப்பில்தான் குழு தன் உண்மையான வேலையைச் செய்தது. நரம்பு வந்து சேரும்வரை மூட்டுகள் இறுகிவிடக் கூடாது. இறுகிப்போன முழங்கைக்கு நரம்பு திரும்பி வந்தும் பயனில்லை. தினமும் யாராவது ஒருவர் அந்தத் தோளையும் முழங்கையையும் மணிக்கட்டையும் அவற்றின் முழு வீச்சுக்கும் மெதுவாக அசைத்துக் கொடுக்க வேண்டும். மனைவி பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு, இரவில் இதையும் செய்து ஓய்ந்துபோயிருந்தார். என் அறைக்கு வந்த நண்பர்களில் நால்வருக்கு இதைக் கற்றுக்கொடுத்தேன்: செயலிழந்த தோளைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, அடியிலிருந்து தாங்க வேண்டும், உணர்வற்ற தோலுக்குச் சூடு தெரியாது, ஆகவே வெந்நீர்ப் பையும் சூடான பாத்திரமும் அந்தப் பக்கம் வரக் கூடாது. அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அட்டவணை போட்டார்கள். யார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பது மட்டுமே அதில் இருக்கும். 'ஏதாவது வேண்டுமென்றால் சொல்லு' என்பது அன்பான சொல்தான்; ஆனால் படுத்திருப்பவர்மீதே ஒரு வேலையைச் சுமத்தும் சொல்லும்கூட. அட்டவணை வந்த பிறகு அவர் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

திரட்டிய பணத்தையும் அவர்கள் முதல் வாரத்திலேயே கொடுத்துத் தீர்க்கவில்லை. குடும்பத்தைக் கலந்துகொண்டு, இருவர் பொறுப்பில் கணக்கு வைத்து, ஒரு பகுதியைப் பின்னால் வரும் மாதங்களுக்காக நிறுத்தி வைத்தார்கள்.

நல்ல மனத்தோடு அவர்கள் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். நொறுங்கிய பைக்கை எல்லாரும் சேர்ந்து பழுதுபார்த்து, சாயம் பூசி, இரண்டாம் மாதத்தில் அவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். என்ஜின் சத்தம் கேட்டதும் அவர் முகம் வெளிறி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாள் பயிற்சிக்கு வரவில்லை. பைக்கை என்ன செய்வது என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. அதை நண்பர்கள் எடுத்துவிட்டார்கள். 'மூணு மாசத்துல வண்டி ஓட்டுவ பாரு' என்று தட்டிக்கொடுப்பதும் அப்படித்தான். மூன்று மாதம் கழிந்து கை அசையாதபோது, தான் தோற்றுவிட்டதாக அவர் நினைத்துக்கொள்கிறார். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பதும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, என்ன தேவை என்று பார்ப்பதையும், அவர் பேச விரும்பினால் கேட்பதையும், தேவையான உதவியோடு இணைத்துவிடுவதையும்தான் சொல்கிறது. பேசும்படி வற்புறுத்தச் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு மேலும் கெட்ட கனவுகளும் திடுக்கிடலும் சாலையைக் கண்டாலே ஒதுங்குவதும் தொடர்ந்தால், அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அன்று குழுவை முன்நடத்தியவர் ஒருநாள் என்னைத் தனியாகப் பார்க்க வந்தார். மதியம் ஒரு மணி நேரம் தாமதமாகப் புறப்பட வைத்தது தான்தான் என்றும், நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் இருட்டுவதற்குள் காட்டைத் தாண்டியிருக்கலாம் என்றும் சொல்லி அழுதார். அவர் தூங்கி வாரங்களாகியிருந்தன. விழுந்தவரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் காயம்படாமல் காயப்பட்ட ஒருவர் இப்படி இருப்பார். அவரையும் யாராவது கவனிக்க வேண்டும். அவரையே செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்குப் பொறுப்பாக்கினேன்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகான ஐந்தாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மேசைமேல் அவர் கையைக் கிடத்தி, விரல்களை இறுக்கி முட்டியாக மடக்கச் சொன்னேன். முழங்கையை மடக்கும் தசைக்கு இப்போது வந்திருப்பது விரல்களுக்குப் போகும் நரம்பின் இழை. ஆகவே மூளை முதலில் முட்டி மடக்குவதாகத்தான் நினைக்க வேண்டும், பிறகுதான் முழங்கைக்குத் தனிக் கட்டளை பழகும். முன்நடத்திய நண்பர் மேற்கையின்மேல் விரல்களை வைத்துக் காத்திருந்தார். நான்காவது முறை முட்டி மடங்கியபோது, தோலுக்கடியில் சிறு மீன் திரும்புவதுபோல் ஏதோ ஒன்று துடித்து அடங்கியது. 'டாக்டர், இன்னொரு தடவை மடக்கச் சொல்லுங்க' என்றார் நண்பர். இரண்டாம் முறையும் துடித்தது. கையில் எந்த அசைவும் இல்லை. பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை தசை வலிமையை அளக்கும் எங்கள் அளவுகோலில் அதற்கு மதிப்பு ஒன்று. நோயாளியின் பதிவேட்டில் அந்த ஒன்றை எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது.

இன்று அவர் முழங்கையைப் புவியீர்ப்பை எதிர்த்து மடக்குகிறார், அது மூன்று. தோள் இன்னும் பின்தங்கியே இருக்கிறது. கிளட்சைப் பிடிக்க விரல்களில் வலிமை இருந்தாலும், கைப்பிடியைத் தாங்கிப் பிடிக்கத் தோளால் முடியாது என்பதால், வண்டி ஓட்டும் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை; அவரும் எடுக்கவில்லை. பைக் உறை போட்டு நிற்கிறது. அரைக் கிலோ எடையோடு பயிற்சியைத் தொடங்கியிருக்கிறோம். வரும் செவ்வாய்க்கிழமைக்கும் அட்டவணையில் ஒரு பெயர் இருக்கிறது.