ஒரு நானோமீட்டர் படலமும் ஒரு கருமணல் துகளும்

புதுச்சேரி, கடலூர் கடற்கரைகளில் ஈர மணல்மேல் கறுப்பு வரிகள் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அதில் உருட்டினால் துகள்கள் மயிர்போல் சிலிர்த்து ஒட்டும். அவற்றில் மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடு உண்டு. ஓரிரு நானோமீட்டர் தடிமனுள்ள உலோகப் படலத்தின் காந்தத்தை அளக்கும்போது, அளவீட்டைக் கெடுக்க அதில் ஒரு துகள் போதும்.

கணக்கைப் பாருங்கள். 5 மி.மீ. சதுரச் சிலிக்கான் சில்லின்மேல் 1 நானோமீட்டர் கோபால்ட் பூசியிருக்கிறது. கோபால்ட்டின் தெவிட்டுநிலைக் காந்தமாக்கம், அதாவது புலத்தை எவ்வளவு கூட்டினாலும் அதற்குமேல் ஏறாத உச்ச அளவு, கன செ.மீ.க்குச் சுமார் 1,440 இஎம்யூ (காந்தத் திருப்புத்திறனின் அலகு). படலம் மொத்தத்துக்கும் கிடைப்பது 0.000036 இஎம்யூதான். மேக்னடைட்டுக்கு அந்த மதிப்பு 480. ஆனாலும் 50 மைக்ரான் விட்டமுள்ள ஒரே துகள் கிட்டத்தட்ட இதே சிக்னலைத் தந்துவிடும்.

அதிர்வு மாதிரிக் காந்தமானியில் (விஎஸ்எம்) சில்லைக் கோல் முனையில் ஒட்டி, மின்காந்தத்தின் துருவங்களுக்கிடையே அதிரவிடுவார்கள். அருகிலுள்ள சுருள்களில் தூண்டப்படும் மின்னழுத்தமே அளவீடு. அதிரும் எல்லாவற்றையும் கருவி சேர்த்தே அளக்கும்: படலம், சில்லு, டேப், டேப்பில் ஒட்டிய தூசி. மீகடத்தி உணரியால் அளக்கும், இன்னும் நுட்பமான ஸ்குவிட் கருவிக்கும் படலம் எது, தூசி எது என்று தெரியாது.

சிலிக்கானும் சும்மா இருப்பதில்லை. அது டயா காந்தப் பொருள், அதாவது புலத்துக்கு எதிர்த்திசையில் லேசாகக் காந்தமாகும். அரை மி.மீ. தடிமனுள்ள சில்லு 1 டெஸ்லா புலத்தில் சுமார் 0.000033 இஎம்யூ எதிர்க்குறியில் காட்டும். படலத்தின் சிக்னலை ஏறக்குறைய விழுங்கிவிடும். இது புலத்தோடு நேர்க்கோட்டில் மாறுவதால், உயர்புலச் சரிவைக் கண்டுபிடித்துக் கழிக்கலாம். ஆனால் படலம் தெவிட்டிய பிறகுள்ள பகுதியில்தான் அந்தச் சரிவை எடுக்க வேண்டும். பிளாட்டினத்தின்மேல் பூசிய 1 நானோமீட்டர் கோபால்ட் பெரும்பாலும் தளத்துக்குச் செங்குத்தாகக் காந்தமாகும். தளத்தின் வழியே தெவிட்ட 1 டெஸ்லா போதாமல் போகலாம். அவசரப்பட்டுக் கழித்தால் படலத்தின் சிக்னலும் சேர்ந்தே போய்விடும்.

எஃகு இடுக்கி இங்கே கூடவே கூடாது. சில்லின் ஓரத்தில் அது விடும் இரும்புத் தடம் மேக்னடைட்டைவிட மோசம். பிளாஸ்டிக் அல்லது டைட்டானியம் இடுக்கி வேண்டும். பூசுவதற்கு முன் சில்லை அசிட்டோனிலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலும் அல்ட்ராசானிக் தொட்டியில் கழுவி, வெறும் சில்லையே ஒருமுறை அளந்து வைப்பது நல்லது. இந்த ஒரு வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது.

கோபால்ட்மேல் 3 நானோமீட்டராவது பிளாட்டினம் மூடி வேண்டும். திறந்து வைத்தால், அதுவும் ஈரமான கடற்காற்றில், 1 நானோமீட்டர் படலம் ஆக்சைடாகிவிடும். தடித்த படலத்திலும் மேற்பரப்பு மட்டும் கோபால்ட் ஆக்சைடாக மாறும். அது எதிர் ஃபெர்ரோ காந்தம்: அடுத்தடுத்த அணுக்களின் காந்தங்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ஈடுசெய்யும். காந்தப் புலத்தில் வைத்துக் குளிர்வித்தால் தயக்க வளையம் (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் வரையும் வளைகோடு) ஒரு பக்கமாக நகரும். இயற்பியலாளர்கள் மைக்கிள்ஜானும் பீனும் 1956இல் அறிவித்த விளைவு இது.

சந்தேகம் தீராவிட்டால் சில்லைக் குளிர்விக்கலாம். சுமார் 120 கெல்வினில் காந்தமாக்கத்தில் படி விழுந்தால், அது மேக்னடைட்டின் வெர்வே மாற்றம் (அந்த வெப்பநிலையில் அதன் படிக அமைப்பு மாறுவது), துகள் மாட்டிக்கொண்டது. எளிய வழியும் உண்டு: சில்லைச் சரிபாதியாக வெட்டி அளக்க வேண்டும். காந்தம் படலத்துடையது என்றால் சிக்னலும் பாதியாகும். ஒரு துண்டில் முழுதும் மறு துண்டில் ஒன்றுமில்லாமலும் வந்தால், முழுதாக வந்த துண்டை நுண்ணோக்கியில் வைத்து ஓரங்களைத் தேட வேண்டும்.