ரீபூட்: தொடக்கமா, வார்ப்பா?

பழைய கார்ட்டூன் தொடர் ஒன்றைப் புதிதாக எடுக்கிறார்கள் என்றால் "ரீபூட் பண்றாங்க" என்கிறோம். கணினி உறைந்து நின்றாலும் அதே சொல்தான். இரண்டுக்கும் 'மறுதொடக்கம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கணினிக்கு அது சரி. கதைக்குப் போதாது என்பது என் கட்சி.

முதலில் சொல்லின் பூர்வீகம். முரட்டுத் தோல் பூட்ஸை மாட்டும்போது பிடித்து இழுக்க வசதியாக அதன் மேல்விளிம்பில் ஒரு வார் தைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் அது பூட்ஸ்ட்ராப். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தரையிலிருந்து தூக்கிக்கொள்வதாகச் சொல்வது 19ஆம் நூற்றாண்டில் நடக்காத காரியத்தைக் குறித்த கேலிப் பேச்சு. 1950களில் கணினிக்காரர்களுக்கு இதே சிக்கல் வந்தது. நிரலை ஏற்ற இன்னொரு நிரல் வேண்டும் என்றால் முதல் நிரலை ஏற்றுவது யார்? ஒரு குட்டி நிரல் முதலில் நுழைந்து பெரியதை இழுத்துவரும்படி செய்தார்கள். கேலியாகச் சொன்னது நடந்துவிட்டதால் அதற்கு பூட்ஸ்ட்ராப் என்றே பெயர் வைத்தார்கள். பெயர் தேய்ந்து பூட் ஆயிற்று. அணைத்துவிட்டு மறுபடி கிளப்புவது ரீபூட். அங்கிருந்துதான் காமிக்ஸுக்கும் சினிமாவுக்கும் தாவியது: அதுவரை சொன்ன கதையைக் கணக்கில் கொள்ளாமல், அதே ஆட்களை வைத்து முதலிலிருந்து சொல்வது.

2024இல் வந்த எக்ஸ்-மென் '97 கார்ட்டூன் தொடர் ரீபூட் அல்ல. 1997இல் நின்ற பழைய எக்ஸ்-மென் தொடரின் கதை நின்ற இடத்திலிருந்தே தொடர்கிறது. பழைய குரல்கள் பலவும் அப்படியே. அதை 'மறுவரவு' எனலாம். ஓடாய்த் தேய்ந்த பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசி மறுபடி அடுப்பில் ஏற்றுவது மாதிரி.

டிஸ்னியின் வாத்துக் கார்ட்டூன் டக்டேல்ஸ் வேறு ஜாதி. 1987இல் தொடங்கி 1990 வரை 100 அத்தியாயங்கள் வந்த தொடர் அது. தூர்தர்ஷனில் இந்தியில் பேசிய ஸ்குரூஜ் மாமாவை மறக்காதவர்கள் நம்மிடையே உண்டு. 2017இல் அதைப் புதிதாக எடுத்தார்கள், 2021 வரை ஓடியது. காசுத் தொட்டியில் நீச்சலடிக்கும் கஞ்சக் கிழவாத்து மாறவில்லை. மாறியதெல்லாம் அவரைச் சுற்றி இருப்பவர்கள்.

பழைய தொடரில் அவர் வீட்டில் வளரும் வாத்துப் பையன்கள் ஹியூய், டூயி, லூயி மூவரையும் சட்டை நிறத்தை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். சிவப்பு, நீலம், பச்சை. குரல்கூட மூவருக்கும் ருஸ்ஸி டெய்லர் ஒருவர்தான். புதியதில் ஆளுக்கொரு நடிகர், ஆளுக்கொரு குணம்: ஒருவன் கையேட்டைப் பார்க்காமல் அடி எடுத்துவைக்காதவன், ஒருவன் யோசிக்காமல் குதிப்பவன், ஒருவன் உட்கார்ந்த இடத்திலேயே காசு பண்ணத் திட்டம் போடுபவன். பொம்மையைக் கட்டிக்கொண்டு "நானும் வரேன்" என்று பின்னால் ஓடிய சிறுமி வெப்பி, இப்போது கயிற்றில் தொங்கிச் சண்டை போடுகிறாள். பையன்களைவிட அவர்கள் குடும்ப வரலாறு அவளுக்கு அத்துப்படி. வீட்டுவேலை பார்த்த அவள் பாட்டி பீக்லி அம்மாள் முன்னாள் உளவாளி. கணக்கெழுதிக்கொண்டிருந்த ஃபென்டன் விஞ்ஞானி ஆகிவிட்டான்.

எனக்குப் பிடித்தது டெல்லா கதை. மூன்று பையன்களின் அம்மா. 1937இல் வந்த செய்தித்தாள் காமிக்ஸில், பிள்ளைகளை டொனால்ட் டக்கிடம் அனுப்பிவைத்ததோடு அவள் கதை முடிந்தது. அம்மா எங்கே என்று 1987 தொடரும் கேட்கவில்லை. புதிய தொடர் அந்தக் கேள்வியையே கதையின் அச்சாணியாக்கியது. ராக்கெட்டில் போய் நிலாவில் மாட்டிக்கொண்டவளாக அவளைத் திரும்பக் கொண்டுவந்தது. (வெப்பியைப் பற்றிக் கடைசி அத்தியாயத்தில் ஒன்று வருகிறது. பார்க்காதவர்களுக்காக விட்டுவிடுகிறேன்.)

இதைத் 'தொடக்கம்' என்று சொன்னால் எதை வைத்துச் செய்தார்கள் என்பது சொல்லில் இல்லை. 'மீளுருவாக்கம்' பரவாயில்லை, ஆனால் அது ரீமேக்குக்கும் செல்லும். யார் எது சொல்கிறார்கள் என்று குழம்பும். 'மறுபிறப்பு' என்றால் கர்மவினை எல்லாம் கூட வரும். நான் கைகாட்டுவது 'மறுவார்ப்பு'. பழைய உலோகத்தை உருக்கிப் புதிய அச்சில் ஊற்றுவது. உலோகம் அதே, உருவம் வேறு. மேலே சொன்ன ஈயப் பூச்சுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, மறுவரவுக்கும் ரீபூட்டுக்கும் உள்ள அதே வேறுபாடு.

இன்னொரு பொருத்தமும் உண்டு. கதையில் வரும் ஆளைப் 'பாத்திரம்' என்கிறோம். சமையலறையில் இருப்பதும் பாத்திரம். வடமொழியிலேயே அந்தச் சொல்லுக்கு இரு பொருளும் உண்டு. தனித்தமிழில் எழுதுபவர்கள் 'கதைமாந்தர்', 'துணைமாந்தர்' என்பார்கள், நல்ல சொற்களே. ஆனாலும் துணைப்பாத்திரத்தை உருக்கி வார்த்தார்கள் என்று எழுதும்போது கிடைக்கும் பொருத்தம் அதில் கிடைக்காது.

பூட்ஸில் தைத்த 'வார்' பெயர்ச்சொல். தோசைக்கும் சிலைக்கும் பொதுவான 'வார்' வினைச்சொல். இரண்டுக்கும் உறவு இருப்பதாக நான் வாதாட வரவில்லை. காதுக்கு ஒன்றாக விழுகிறது, அவ்வளவே.

கணினிக்கு 'மறுதொடக்கம்' இருக்கட்டும். கதைக்கு: "டக்டேல்ஸின் மறுவார்ப்பு 2017இல் வந்தது." வினையாக வேண்டுமென்றால் "புதிதாக வார்த்தார்கள்". விமானி லான்ச்பேடை மட்டும் பெரிதாக உருக்கவில்லை. இரண்டு தொடரிலும் விமானத்தைத் தரையில் மோதித்தான் நிறுத்துகிறான்.