அம்மா துபாயில் இல்லை

அம்மா எங்கே என்பதில் பொய் சொல்லப்பட்டு என்னிடம் கூட்டி வரப்பட்ட பிள்ளைகளில், இந்த வருடத்தில் மட்டும் இது மூன்றாவது பிள்ளை. அதனால்தான் வளர்ப்புப் பெற்றோருக்காக எழுத உட்கார்ந்தேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு வளர்ப்புக் குடும்பத்தோடு இருக்கும் எட்டு வயதுப் பையன். இரவில் தூங்குவதில்லை என்று கூட்டி வந்தார்கள். அம்மா எங்கே என்று கேட்டேன். "துபாயில, வீட்டு வேலைக்கு" என்றான். அப்புறம் அவனாகவே கணக்குச் சொன்னான். அங்கே நேரம் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால். அம்மா ஒன்பது மணிக்கு வேலை முடித்தால் இங்கே பத்தரை. அதுவரை முழித்திருந்தால்தான் கோல் வரும்போது எடுக்கலாம்.

வகுப்பில் இன்னும் இரண்டு பேருடைய அம்மாமார் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் இமோவில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். இவனுக்கு மட்டும் ஒன்றரை வருடமாக ஒரு கோலும் இல்லை. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தான். அம்மாவுக்கு அனுப்பச் சொல்லி வளர்ப்புத் தாயிடம் ஒரு துண்டுக் கடதாசியில் தங்கள் போன் நம்பர் எழுதிக் கொடுத்தானாம். "ஒரு இலக்கத்த பிழையா எழுதிட்டேன் போல, மிஸ்."

அம்மா இருப்பது கொழும்பு வெலிக்கடைச் சிறையில். அவனுடைய ஸ்கூல் வேன் சிறை இருக்கும் பேஸ்லைன் வீதியால்தான் போகிறது. அந்த மதிலை வாரத்துக்குப் பத்துத் தடவை கடந்திருக்கிறான்.

வளர்ப்புத் தாய் கெட்டவர் இல்லை. பிள்ளைக்கு வேளைக்குச் சாப்பாடு, சுத்தமான உடுப்பு, டியூஷன், ஒன்றிலும் குறை வைக்கவில்லை. உண்மையைச் சொல்லலாமே என்றதற்குத்தான், "சின்னப் பிள்ளைதானே மிஸ், கொஞ்ச நாள்ல மறந்திருவான்" என்றார்.

இந்த "மறந்துவிடுவான்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு மனம் சலித்துவிட்டது. பிள்ளைகள் மறப்பதில்லை. பெரியவர்களின் முகம் மாறுவதைப் பார்த்துக் கேட்பதை நிறுத்திக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். துபாய்ப் பொய் பிள்ளைக்கு என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவிடம் போன் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, ஆனாலும் அவர் பேசவில்லை. அப்படியானால் என்னை வேண்டாம் என்று விட்டுவிட்டார். மறியலில் இருக்கும் அம்மா பேச முடியாத அம்மா. துபாயில் இருக்கும் அம்மா பேச விரும்பாத அம்மா. இந்த இரண்டில் எந்தப் பாரம் பிள்ளைக்குக் கனம் என்று என்னைக் கேட்டால், சந்தேகமே இல்லை, பின்னதுதான்.

பொய் நிற்கவும் போவதில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வேனில் வரும் இன்னொரு பையன் ஒருநாள் ஒரே வரியில் சொல்லிவிட்டான். அடுத்த வாரம் என்னிடம் வந்தபோது, அம்மா என்ன செய்தார் என்று இவன் கேட்கவில்லை. "ஆன்ட்டிக்கும் தெரியுமா, மிஸ்?" என்று வளர்ப்புத் தாயைப் பற்றித்தான் கேட்டான். அம்மாவும் இல்லாமல், இருக்கிற ஒருவரையும் நம்ப முடியாமல் போன பிள்ளையை வைத்துக்கொண்டு நாங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டப்படி நீதிமன்றம் ஒரு பிள்ளையைத் 'தகுந்த ஆள்' ஒருவரிடம் ஒப்படைப்பது தத்துக் கொடுப்பதாகாது. தத்தெடுப்புக்கு 1941ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அம்மா இன்னும் அம்மாதான். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, பிரிந்திருக்கும் பெற்றோரோடு தொடர்பு வைத்திருக்கும் உரிமையைப் பிள்ளைக்குத் தருகிறது. அந்தத் தொடர்பு பிள்ளைக்குக் கெடுதல் என்று தெரிந்தால் மட்டுமே விலக்கு. அதை நன்னடத்தை உத்தியோகத்தரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களாகச் செய்யக்கூடாது.

"நூலைப் போல சேலை" என்று பிள்ளையின் காதுபடச் சொல்பவர்களை, தயவுசெய்து, வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்கள். நீட்ட வேண்டாம். "அம்மா சட்டத்துக்கு மாறாக ஏதோ செய்தார் என்று வழக்கு. அதனால் மறியலில் வைத்திருக்கிறார்கள். நீ செய்த எதனாலும் இல்லை. இங்கே நீ எங்களோடு இருப்பாய்." எட்டு வயதுக்கு இது போதும். மிச்சத்தை அவனே கேட்பான், கேட்கும்போது சொல்லுங்கள். எப்போது வருவார் என்பதற்குத் திகதி கொடுக்காதீர்கள். விளக்கமறியல், அதாவது வழக்கு முடியுமுன் வைத்திருக்கும் மறியல், என்றால் வழக்குத் தவணை தள்ளித் தள்ளிப் போகும், ஒவ்வொரு தவணைக்கும் பிள்ளை உடைந்துபோகும். பாடசாலையில் யாருக்குச் சொல்லலாம் என்று அவனையே கேளுங்கள், நம்பிக்கையான ஒரு ஆசிரியர் போதும். பார்க்கக் கூட்டிப்போனால் வரிசை, சோதனை, சத்தம் எல்லாவற்றையும் முதல் நாளே விளக்குங்கள். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள்.

இப்போதைக்குக் கூட்டிப்போக மனம் வரவில்லையா? சரி, கடிதத்தில் தொடங்குங்கள். அதிகாரிகள் பிரித்துப் பார்ப்பார்கள் என்று பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நீங்கள் மட்டும் அதைத் திருத்தாதீர்கள். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும்.