கோந்து, பிசின், பசை

கோந்து என்றதும் கண்முன் வருவது, வாய் இறுகிப்போய்த் திறக்க மறுக்கும் அந்தச் சின்னப் பாட்டில்தான். பெயர் இந்தியிலிருந்து நமக்கு வந்தது. அங்கே 'கோந்த்' என்றால் மரத்திலிருந்து வடிந்து இறுகும் ஒட்டுப்பொருள். கருவேல இனத்து மரங்களில் எடுத்ததைத் தண்ணீரில் கரைத்துக் காகிதம் ஒட்டுவார்கள். இன்று பாட்டிலில் வருவது பெரும்பாலும் செயற்கைப் பொருள். பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பலரும் 'பசை' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கோந்துக்கு நேரான சொல் பிசின். முருங்கை மரத்தில் பட்டை காயம்பட்ட இடத்தைப் பாருங்கள். முதலில் வெளுப்பாகக் கசியும், நாள் போகப்போகச் செம்பழுப்பாகி இறுகும். அதுதான் பிசின். பிசுக்கு, பிசுபிசுப்பு எல்லாம் அதற்குச் சொந்தக்காரச் சொற்கள். மாவைக் காய்ச்சிச் செய்வது பசை. சுவரொட்டிக்குக் காய்ச்சுவதை யாரும் பிசின் என்பதில்லை. பாட்டிலில் வரும் செயற்கைச் சரக்கையும் பசை என்றே சொல்லலாம், அதுவும் செய்யப்பட்டதுதானே.

இந்தப் 'பசை' என்ற சொல்லை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒட்டும் பொருளை மட்டுமா குறிக்கிறது? ஈரம், எண்ணெய்ப் பிடிப்பு, அன்பு என்று விரிந்துகொண்டே போகிறது. கையில் காசுள்ளவரைக்கூடப் 'பசையுள்ள ஆள்' என்கிறோம். குறள் 1098-ல் தலைவன் பார்க்கிறான், அவள் 'பசையினள் பைய நகும்'. பசையினள் என்றால் நெஞ்சு நெகிழ்ந்தவள். ஒட்டுவதற்கு முன் இளக வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. காகிதத்திலும் அப்படித்தான். ஈரமாக இருக்கும்போதுதான் பசை இழைகளின் இடுக்குக்குள் இறங்கும். அப்புறம் உலர்ந்து இரண்டு தாளையும் பிடித்துக்கொள்ளும். தடவிவிட்டுக் காயவைத்து அழுத்தினால் தாள் உரிந்து வந்துவிடும்.

வினைச்சொல் 'ஒட்டு'. தாளுக்கும் அதுதான், மனிதருக்கும் அதுதான்: ஒட்டுறவு, ஒட்டி வாழ்தல். குறள் 826-ல் வள்ளுவர் பகைவரை 'ஒட்டார்' என்கிறார். ஒட்டாதவர், அவ்வளவுதான். வெறுப்பைச் சொல்லும் ஓர் அசைகூட அந்தச் சொல்லில் இல்லை.