உள்ளூக்கம்: சொல்லும் பொருளும்

'மோட்டிவேஷன் வரவில்லை' என்று சொல்லி, பிடிக்காத வேலையைத் தள்ளிப்போடுவது இன்று பரவலாகக் கேட்கும் பேச்சு. இச்சொல்லின் வேர், 'அசை', 'நகர்த்து' எனப் பொருள்படும் 'மொவேரே' என்னும் இலத்தீன் வினை. செயலுக்குக் காரணமாவதைக் குறிக்கும் 'மோட்டிவ்' அதிலிருந்து பிறந்தது. 'மோட்டிவேஷன்' 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் உருவாகி, அடுத்த நூற்றாண்டில் உளவியலின் கலைச்சொல் ஆயிற்று.

தமிழில் இதற்கு நேர்நிற்கும் சொல் 'ஊக்கம்'. அதன் வினையான 'ஊக்கு' என்பதும் அசைவைக் குறித்த சொல்லே என்பது வியப்பளிக்கும் ஒற்றுமை. கலித்தொகையின் 37ஆம் பாடலில் ஊசலாடும் தலைவி, "ஐய! சிறிது என்னை ஊக்கி" என்று கேட்க, தலைவன் ஊசலை ஆட்டிவிடுகிறான். அங்கே தள்ளுபவர் ஒருவர், அசைபவர் வேறொருவர். திருக்குறளிலோ அந்த ஆற்றல் ஒருவருக்கு உள்ளேயே இருக்கிறது. ஊக்கமுடைமைக்கெனத் தனி அதிகாரம் (60) வகுத்த வள்ளுவர், "உள்ளம் உடைமை உடைமை" என்கிறார். இங்கு 'உள்ளம்' ஆகுபெயராய் ஊக்கத்தையே குறிக்கிறது என்பது பரிமேலழகர் உரை. அடுத்த அதிகாரமான மடியின்மையில், விரைந்து முடிக்க வேண்டியதை நீட்டித்துக்கொண்டே போகும் இயல்பை 'நெடுநீர்' என்று குறித்து, மறவி (மறதி), மடி (சோம்பல்), துயில் ஆகியவற்றோடு சேர்த்து, கெடும் இயல்புடையோர் விரும்பி ஏறும் கலன் என்கிறார் (605). தள்ளிப்போடுதலுக்கு இதனினும் நல்ல சொல் நமக்குத் தேவையில்லை.

உளவியல், ஊக்கத்தை அகம், புறம் எனப் பிரிக்கிறது: செயலில் காணும் இன்பத்துக்காகவே செய்வது அகம்; பரிசு போன்ற வெளிப்பயனுக்காகச் செய்வது புறம். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஆய்வில், புதிர்க்கட்டைகளைச் சேர்த்து உருவம் அமைத்த மாணவர்களுள் ஒரு பகுதியினருக்கு இடையில் பணம் தரப்பட்டது. பணம் நின்றபின், ஓய்வு நேரத்தில் அவர்கள் புதிரில் காட்டிய ஆர்வம் குறைந்தது. ஊக்கத்தொகை, ஊக்கத்தைக் குறைக்கவும் கூடும் என்பதே அதன் பொருள்.

ஆனால் பிடிக்காத வேலையில் இன்பம் தொடக்கத்திலேயே இல்லையே, அங்கு உள்ளூக்கம் எங்கிருந்து வரும்? டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்த தன்னிர்ணயக் கோட்பாடு இதற்கு விடை தருகிறது: வேலை இனிக்காவிட்டாலும், அது தாம் மதிக்கும் ஒன்றுக்குத் தேவை என்று மனமார ஏற்றவர், பிறர் வற்புறுத்தாமலேயே அதைச் செய்கிறார். மாதக் கணக்காகத் திறக்கப்படாத கணக்கேட்டைத் திறந்து முதல் பற்றுச்சீட்டைப் பதிபவருக்குக் கூட்டலும் கழித்தலும் அப்போதும் அலுப்பாகவே இருக்கும். கடனின்றி வாழ வேண்டும் என்ற அவருடைய சொந்த முடிவே அவர் கையை நகர்த்துகிறது.

ஆகவே 'மோட்டிவேஷன்' என்பதற்குப் பொதுவாக 'ஊக்கம்' என்றும், உள்ளிருந்து எழுவதை 'உள்ளூக்கம்' என்றும், பரிசு, அச்சம், பாராட்டு ஆகியவற்றால் விளைவதைப் 'புறத்தூண்டல்' என்றும் எழுதலாம். மேடைப்பேச்சு கேட்டவுடன் பொங்கி, மறுநாள் வடிந்துவிடும் உணர்வுக்கு 'மன எழுச்சி' என்ற சொல்லே போதுமானது. அதை ஊக்கம் என்று அழைப்பது பொருந்தாது.